நாற்பத்து நாலு கேசட்டும் ஒரு கிரீஸ் டப்பாவும்

ஆகஸ்ட் 4, திங்கள். (304)

காலையிலிருந்து புழுக்கம். காற்றே இல்லை. ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் கருப்பு. நேற்று மாலைதான் துடைத்தேன்.

நேற்று டூட்டி பார்த்ததற்கு இன்று லீவு. லீவு எனக்கு ஆகாது. பத்து மணிக்குள் இரண்டு தடவை டீ, ஒரு தடவை மாடி, ஒரு தடவை தெருமுனை.

அலமாரியை மறுபடி அடுக்கினேன். போன வாரம் நிறம் பார்த்து அடுக்கியது பிடிக்கவில்லை. இப்போது வகை பார்த்து: சுடுவது, ஓட்டுவது, பந்து, குதிப்பது. மொத்தம் நாற்பத்து மூன்று. எல்லாம் டிவி கேம் கேசட், சின்ன சைஸ். ஆசை வரும்போது படித்துப் பார்க்க விதிகளை மீண்டும் எழுதி வைக்கிறேன்:

1. சாம்பல் நிறப் பெரிய கேசட் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் விற்றது. அட்டைப்பெட்டி, புத்தகம் எல்லாம் சேர்ந்து வந்தால் என் ஒரு மாதச் சம்பளம் காலி.

2. ஜப்பானில் விற்ற சின்ன கேசட் மட்டும். அதுவும் பெட்டி இல்லாதது. அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதாம். ஒன்று ஒரு பிரியாணி விலைக்கு வரும். சின்ன வயதில் நாங்கள் ஆடிய டிவி கேமே அந்த ஜப்பான் மெஷினைப் பார்த்துச் செய்த காப்பிதான். அதனால் அப்படியே சொருகலாம். உள்ளே இருக்கும் ஆட்டம் அதேதான். பணக்காரன் பெட்டியைச் சேர்க்கிறான், நான் ஆட்டத்தைச் சேர்க்கிறேன்.

3. கதை உள்ள ஆட்டம் வேண்டாம். ஜப்பான் எழுத்து யாருக்குப் புரியும்? சுடுவதற்கும் பந்து உதைப்பதற்கும் எழுத்து தேவையில்லை.

4. வாரத்துக்கு ஒன்று. சனிக்கிழமை மட்டும்.

நாலாவது விதி என் மனைவி மேரி போட்டது. மற்ற மூன்றும் என்னுடையவை என்று சொல்லிக்கொள்கிறேன்.

மேலே அடைப்புக்குள் போடும் எண் குடியை விட்ட பிறகு போன நாட்கள். பகல் பரவாயில்லை. மாலை ஆறிலிருந்து எட்டு வரைதான் பேஜாரு. கை சும்மா இருக்காது. அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் இந்த நாற்பத்து மூன்றும். கேசட்டைத் திறந்து, அடிப்பக்கம் தெரியும் செம்புக் கோடுகளை ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர். மற்றவர்கள் ஸ்பிரிட்டில் துடைக்கிறார்கள். இந்த வீட்டில் ஸ்பிரிட் கிடையாது. ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் தடவினாலே எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஆறு மணி முதல் எட்டு வரை: மூன்று கேசட் அழித்தேன். நான்காவது தேவையில்லாமல்.

ஆகஸ்ட் 5, செவ்வாய். (305)

யார்டு. திருவொற்றியூர் ரோட்டில் டிரெய்லர் வரிசை, பேருந்து நகரவில்லை, இறங்கி நடந்தேன். என் வேலை கன்டெய்னர் சீல் எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்ப்பது. இன்று தொண்ணூறுக்கு மேல். இரண்டு எண் ஒத்துவரவில்லை, இரண்டும் என் கண் தவறு. கவனம் இல்லை.

பதினோரு மணிக்கு பர்மா பஜாரிலிருந்து கேசட் கடை காதர் பாய் போன். "நைனா, சாம்பல் கலரு வந்துகீது. பெட்டியோட. பொஸ்தகத்தோட. பிளாஸ்டிக் கவரு கூட கிழியல. நீ பாத்துட்டுப் போ, வாங்காட்டியும் பரவால்ல."

வாங்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள்தான் ஆபத்து.

நாலரைக்குக் கிளம்பிவிட்டேன். கையில் வாங்கினேன். கனம். மூலை மடங்காத அட்டை. உள்ளங்கை வேர்த்துவிட்டது. பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், கெட்டிக்காரர். நெஞ்சில் அந்தப் பழைய இழுப்பு, அதே இடத்தில், அதே மாதிரி. இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அங்கேயே நின்று யோசித்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

வெறுங்கையோடு வர முடியவில்லை. ஒரு சின்ன கேசட், மஞ்சள், இரண்டு பேர் ஆடும் சண்டை ஆட்டம். நாற்பத்து நான்கு.

மேரி வாசலிலேயே பையைப் பார்த்தாள். "இன்னிக்கி செவ்வா தான?"

"சனிக்கெயம வாங்கலன்னா சரியாப் பூடும்."

"அப்டித்தான் முன்னயும் சொல்லுவ. நாளைக்கி வாணாம், இன்னிக்கே போட்டுக்கிறேன்னு."

சோறு போட்டாள். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

ஏழு மணிக்கு அந்தோணி வந்தான். மேரியின் தம்பி. மாடி அறையில் தனியாக இருக்கிறான், காசிமேட்டில் போட் எஞ்சின் மெக்கானிக். பதினொரு வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் குடித்தோம். நான் நிறுத்திய நாளிலிருந்து அவன் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. வந்தால் அக்காவிடம் நண்டோ மீனோ கொடுத்துவிட்டு, நின்றபடியே போய்விடுவான். இன்று போகவில்லை. அலமாரிப் பக்கம் வந்து புதுக் கேசட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா மாமா, பச்ச பூத்துகீது."

"ரப்பர்ல அழிச்சா பூடும்."

"ரப்பரா! கடக்காத்துக்கு ரப்பரு தாங்குமா? இன்னும் ஒரு மாசத்துல எல்லாம் துருப் புடிச்சி பூடும், பாத்துகினே இரு."

"பாத்துக்கலாம் மச்சான்" என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டே போனான். பத்து மாதத்தில் நாங்கள் பேசிய பெரிய பேச்சு இது.

ஆகஸ்ட் 6, புதன். (306)

மதியம் திடீர் மழை. யார்டெல்லாம் சேறு, கரித்தூள் கரைந்த கருப்புச் சேறு. செருப்பு பாழ்.

சாம்பல் பெட்டி கண்ணிலேயே நிற்கிறது. சீல் எண் படிக்கும்போதும்.

பக்கத்து மேசை ஆள், போனில் யாரிடமோ: "இல்லம்மா, நா வரமாட்டேன். வந்தா உக்காரமாட்டேன். உக்காந்தா எழுந்துக்கமாட்டேன்." என்ன விஷயமோ. எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

மேரிக்கு நாளை ராயபுரத்தில் சித்தி வீட்டு விசேஷம். சாவியை அந்தோணியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாளாம்.

வாங்க வேண்டியவை: ரப்பர் 4, ஏவி வயர் 1, கொசுவத்தி.

ஆகஸ்ட் 7, வியாழன். (307?)

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி. (308)

யார்டு. மதியச் சாப்பாட்டு நேரம். சாப்பிடவில்லை. நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

ஆறே கால் மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. அந்தோணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் பேப்பர் விரித்து நாற்பத்து நாலு கேசட்டும் வரிசையாக, செம்புக் கோடு மேலே தெரிய. பக்கத்தில் போட் எஞ்சின் கிரீஸ் டப்பா. மஞ்சள் கிரீஸ். ஒவ்வொரு கேசட்டின் வாயிலும் விரலால் தடவி, அழகாக வழித்துவிட்டிருந்தான். மெஷினின் கேசட் சொருகும் வாயிலும்.

என்னைப் பார்த்துச் சிரித்தான். பத்து மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்துச் சிரித்தான்.

"முட்ச்சிட்டேன் மாமா. மத்தியானத்துலேந்து ஒக்காந்துகினு கீறேன். போட் ஸ்டார்ட்டர்ல போட்ற சரக்கு இது. பத்து வர்சத்துக்குத் துரு கிட்டயே வராது."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இது இப்போது எழுதும்போது வருகிற புத்தி. எங்கள் பக்கத்தில் இரும்போ செம்போ எது வீட்டுக்கு வந்தாலும் முதலில் கிரீஸ்தான். புது சைக்கிளுக்கு மாலை போடுவதற்கு முன் கிரீஸ் போடுவார்கள். கதவுக் கீலுக்கு, தையல் மெஷினுக்கு, பூட்டுக்கு. மேரி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பீரோவின் பூட்டில் இன்னும் கிரீஸ் வாடை இருக்கிறது. உப்புக் காற்றில் ஒரு பொருளைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி அது. கிரீஸ் போட்டால் கரண்ட் கடக்காது, கேசட் பேசாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

நேற்று இந்தப் புத்தி வரவில்லை. ஒரு கேசட்டை எடுத்துச் சொருகினேன். திரையில் சாம்பல் கட்டங்கள். இன்னொன்று. வெறும் நீலம். இன்னொன்று. ஆறு கேசட் போட்டுப் பார்த்தேன், கையெல்லாம் கிரீஸ். கடிகாரத்தில் ஆறே முக்கால். அலமாரி காலி. எனக்கு அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"குடிகாரன் கை பட்டா எது உருப்படும்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். கத்தியிருந்தால் தேவலை. அவன் முகம் மாறவில்லை. லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான், டப்பாவை மறந்து வெளியே போனான். படி ஏறும் சத்தம் கேட்கவில்லை. தெருவுக்குத்தான் போனான்.

நானும் சட்டைப் பையில் காசை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்தேன். மீன் ஏலம் நடக்கும் இடம், ஐஸ் வண்டி, கோயில் மூலை, அப்புறம் கடை. ஒரு சந்தும் மறக்கவில்லை என் கால்.

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். கம்பிக்குள் காசை நீட்டிக்கொண்டிருந்த முதல் ஆள் அந்தோணி.

எதற்குத் திரும்பினானோ தெரியாது. திரும்பினான். பார்த்தான். நீட்டிய கையைக் காசோடு வெளியே இழுத்துக்கொண்டான். கடைக்காரர் "இன்னாப்பா, வோணுமா வாணாமா" என்று கத்தினார். வரிசையை விட்டு வந்து என் சட்டைக் கையைப் பிடித்தான்.

"நீ இன்னாத்துக்கு இங்க நிக்கிற?"

"நீ நிக்கிறதுக்குத்தான்."

"நா நிப்பேன். நா குடிகாரன். நீதான சொன்ன? நீ யாரு, அத்த சொல்லு."

என் கை சட்டைப் பைக் காசின் மேல் போனது.

"நட மாமா."

வீடு வரை பிடியை விடவில்லை. "வுடுடா, சட்டையெல்லாம் கிரீஸு" என்றேன். "ஆவட்டும்" என்றான். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்துக்கு உள்ளே போகவேண்டியது போகவில்லை என்றால் எப்படி நடுங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாசலில் என்னை விட்டான். மாடிக்குப் போகவில்லை, வந்த வழியே திரும்பிப் போனான்.

நான் உள்ளே உட்கார்ந்து, மேரி வரும் வரை கிரீஸ் பூசிய கேசட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்கவில்லை. குடிக்கவில்லை. வரிசையில் நின்றேன். 308 என்று போட்டிருக்கிறேன். சரியா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி. (309)

வெயில். அரை நாள் டூட்டி.

ரப்பர் தோற்றது. கிரீஸ் இன்னும் பரவுகிறது. சோப்புத் தண்ணீர் பயம். மண்ணெண்ணெய் தடவினால் அது தன் பங்குக்கு ஒரு எண்ணெய்ப் படலம். பெட்ரோல் பட்டால் பிளாஸ்டிக் இளகும். காதர் பாய்க்குப் போன் போட்டேன். முதலில் ஐந்து நிமிடம் சிரித்தார்.

"ஸ்பிரிட்டுதான் நைனா. சுத்தமான ஸ்பிரிட்டு, மெடிக்கல்ல அர லிட்டரு வாங்கு. வேற வழி கெடையாது."

சாம்பல் பெட்டி விற்றுவிட்டதாம். கேட்கவில்லை, அவராகச் சொன்னார். ஆச்சரியம், ஒன்றும் தோன்றவில்லை.

மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் சொன்ன வார்த்தை, கடை, வரிசை, எல்லாம். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அர லிட்டரா?"

"ஆமா."

"வூட்டுக்குள்ள வராது. உன்ன நம்பாம இல்ல. அந்த வாடைய நம்பல. பத்து மாசமா நா ஆறு மணிக்கி உன் செருப்பு சத்தம் கேக்குதான்னு காத வச்சிகினு கீறேன், உனக்குத் தெரியுமா? இந்தப் பொட்டியெல்லாம் போனா போவுது. தூக்கிக் குப்பைல போடு. நீ இரு."

அழுதாள். நானும்தான். எழுத வெட்கம் இல்லை, யார் படிக்கப் போகிறார்கள்.

பிறகு அவளே சொன்னாள்: "மொட்ட மாடில செய்யட்டும். அவன் கெடுத்தது, அவனே செய்யட்டும். நீ தொடாத."

அவனைப் போய்க் கூப்பிட வேண்டும். இரண்டு தடவை பாதிப் படி ஏறி இறங்கினேன். என்னவென்று சொல்வது? மன்னிச்சிக்கோ என்றெல்லாம் எங்கள் வீட்டில் ஆம்பிளைகள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மூன்றாம் தடவை போனபோது கதவு திறந்திருந்தது. பாயில் படுத்து மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்ட்டியா?" என்றேன்.

"ம்."

"நாளிக்கி உன்னால ஒரு வேல ஆவணும் மச்சான்."

எழுந்து உட்கார்ந்தான். "எந்நேரம்?" என்றான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. (310)

மாலை ஏழே முக்கால்.

காலையில் கோயில். ஒன்பதரைக்கு மொட்டை மாடி. மேரியே மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி, முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக மேலே போனாள். காது குடையும் பஞ்சுக்குச்சி நான்கு டப்பா.

அந்தோணி ஒரு விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பார்த்தான். ஊர்ப் பக்கமிருந்து காற்று. தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே என்னை உட்காரச் சொன்னான், கிழக்கே பத்தடி தள்ளி அவன் உட்கார்ந்தான். "காத்து திரும்புச்சின்னா சொல்லு மாமா, நா எடம் மாறிக்கிறேன்." மதியம் இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. நான் சொல்வதற்கு முன்பே எழுந்து மாறினான்.

ஒரு கேசட்டுக்கு ஐந்தாறு குச்சி. அவன் துடைத்து வெயிலில் வைப்பான். வாடை போன பிறகு மேரி முகர்ந்து பார்த்து என்னிடம் தருவாள். நான் இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தி மூடுவேன்.

ஒரு தடவை அவனாகச் சொன்னான். "அன்னிக்கி உன்ன உட்டுட்டு நா திரும்பிப் போனேன் மாமா. பொய் சொல்லமாட்டேன். போய்க் குடிச்சேன்."

"தெரியும்."

"நீ சொன்னதுல தப்பில்ல."

"தப்புதான்" என்றேன். அது வெளியே வந்துவிட்டது. மேரி குச்சி டப்பாவைத் தேடுவதுபோல் கீழே குனிந்துகொண்டாள்.

நாள் முழுக்க அரை லிட்டர் பாட்டில் அவன் முழங்கால் பக்கத்திலேயே இருந்தது. அவனுக்கும் மூக்கு இருக்கிறது. நான் காற்றுக்கு இந்தப் பக்கம், அவன் அந்த வாடைக்குள். இது எனக்கு மூன்றரை மணிக்குத்தான் உறைத்தது.

ஐந்து மணிக்கு முடிந்தது. மீதி ஸ்பிரிட்டை மேரி சாக்கடையில் ஊற்றினாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த பிறகு கணக்கு:

வேலை செய்வது: 39
வே.செ. ஆனால் படம் ஆடுகிறது: 3
செத்தது: 2 (இரண்டும் பந்து)

மெஷின் வாயைச் சுத்தம் செய்ய மட்டும் மதியம் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஐந்தே காலுக்கு முதல் கேசட் போட்டோம். இசை வந்தது. மேரி கை தட்டினாள்.

ஆறரை. அந்தோணி கிளம்பும் நேரம். எழுந்தான், லுங்கியை மடித்துக் கட்டினான், செருப்பைத் தேடினான். கண்ணெதிரில் கிடந்த செருப்பைத் தேடினான். நான் போகாதே என்று சொல்லவில்லை. எனக்கு அந்த உரிமை கிடையாது, சொன்னாலும் கேட்கிற விஷயமும் இல்லை. நல்லவேளை செவ்வாய்க்கிழமைக் கேசட் கையில் கிடைத்தது.

"இது ரெண்டு பேரு ஆட்றது மச்சான். ஒரு ஆட்டம்."

"பத்து நிமிசம்" என்றான். செருப்பைப் போட்டபடியே உட்கார்ந்தான்.

நாலு தடவை தோற்றான். அவன் ஆள் குத்தவேண்டிய நேரத்தில் குனிகிறான், குனியவேண்டிய நேரத்தில் நிற்கிறான். கட்டை விரல் பட்டனில் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கிப் போகிறது. நெற்றியெல்லாம் வேர்வை, ஃபேன் ஓடுகிறது.

இப்போது மேரி டீ கொண்டுவந்ததால் நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறான். குடித்துவிட்டு ஜாய்ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "இதுல பட்டன் சரியில்ல மாமா."

பட்டன் சரியாகத்தான் இருக்கிறது. காலையில் நான்தான் பார்த்தேன்.

"ஆமா மச்சான், அதுல கொஞ்சம் மக்கர்" என்று என்னுடையதை அவனிடம் கொடுத்துவிட்டு, அவனுடையதை நான் வாங்கிக்கொண்டேன்.